ஐஎஸ்பிஎன் கம்பெனி பேர்ல, பிடிஎஃப் டெலிகிராம்ல... அப்ப என் நாவல் யாரோடது?

கரூர் பக்கத்துல இருந்து ஒரு வாசகி, வக்கீலான எனக்கு எழுதியிருக்காங்க. கடிதம் நீளம், பேரு ஊரு அடையாளம் எல்லாத்தையும் எடுத்துட்டு சுருக்கித் தர்றேன். வயசு நாப்பதைத் தாண்டினவங்க, வீட்டுக்காரர் ஒரு டெக்ஸ்டைல் கம்பெனில சூப்பர்வைசர். சாயப்பட்டறை வச்சுப் பொழைச்சு அப்புறம் பட்டறையை மூட வேண்டி வந்த ஒரு குடும்பத்தோட கதையை புனைபெயர்ல ஃபேஸ்புக்ல தொடரா எழுதினாங்க, நல்ல வரவேற்பு. "புத்தகமா போடுங்கக்கா"ன்னு ஆளாளுக்குச் சொல்ல, சுயபதிப்பு பேக்கேஜ் தர்ற ஒரு நிறுவனத்துக்கு 68,000 ரூபா கட்டி 300 பிரதி அடிச்சிருக்காங்க. புத்தகத்தை அடையாளம் காட்டுற ஐஎஸ்பிஎன் எண் அந்த நிறுவனத்தோட பேர்ல. ஒப்பந்தம் ஆறு பக்கம், இங்கிலீஷ்ல, படிக்காமலே கையெழுத்து. பதினாலு மாசம் ஆச்சு, வித்தது தொண்ணூறு சொச்சம், மிச்சம் கட்டிலுக்கு அடியில. நாலு மாசம் முன்னாடி தம்பி உதவியோட இவங்களே கிண்டில்லயும் ஏத்தியிருக்காங்க.

இப்ப என்னன்னா, நாப்பதாயிரம் பேர் இருக்கிற ஒரு டெலிகிராம் சேனல்ல நாவலோட பிடிஎஃப் சுத்துது. ஒரு யூடியூப் சேனல் முழு நாவலையும் பதினோரு பாகமா வாசிச்சுப் போட்டிருக்கு, தலைப்பை மாத்தி, இவங்க பேர் எங்கயும் இல்லாம. கேட்டதுக்கு "உங்களுக்கு ஃப்ரீ பப்ளிசிட்டிதானேக்கா"ன்னு பதில். இன்னொரு பக்கம் ஒரு அம்மா நாவலைக் காய்ச்சி எடுத்து விமர்சனம் எழுதி, ரெண்டு பத்தியை அப்படியே எடுத்துப் போட்டிருக்காங்க, அதையும் தூக்க முடியுமான்னு கேக்கறாங்க. பதிப்பு நிறுவனமோ "இன்னும் 45,000 கட்டுங்க, பெஸ்ட்செல்லர் ஆக்கறோம், சர்வதேச விருது ஒண்ணு வாங்கித் தர்றோம்"னு போன் மேல போன்.

"காப்பிரைட் ரிஜிஸ்டர் பண்ணல, கேஸ் நிக்காதுன்னு வீட்டுக்காரர் சொல்றார். ஐஎஸ்பிஎன் அவங்க பேர்ல இருக்கறதால நாவலே அவங்களோடதுன்னு தம்பி சொல்றான். ப்ரமோஷன் பண்ணப் பண்ண திருட்டும் கூடுமோன்னு பயந்து போஸ்ட் போடுறதையே நிறுத்திட்டேன். அந்த யூடியூப்காரன் போட்டோ, நம்பர் ரெண்டும் இருக்கு, ஃபேஸ்புக்ல போட்டுக் கிழிக்கலாமா?" இதுதான் கேள்வி. கடைசியா போற போக்குல ஒரு வரி: "கிண்டில்ல இருந்து இங்கிலீஷ்ல ஒரு மெயில் வந்துச்சு, ஃப்ராடா இருக்கும்னு விட்டுட்டேன்."

சகோதரி, நாலு பக்கக் கடிதத்துல எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அந்தக் கடைசி வரிதான். அதனால நீங்க கேட்ட வரிசையில பதில் சொல்லாம, எது அவசரமோ அந்த வரிசையில சொல்றேன்.

முதல்ல அந்த மெயில்

நீங்க அனுப்பின ஸ்க்ரீன்ஷாட்டைப் படிச்சேன். உங்க புத்தகத்துல இருக்கிற உள்ளடக்கம் இணையத்துல இலவசமா கிடைக்குது, வெளியிடுற உரிமை உங்களுக்குத்தான் இருக்குன்னு உறுதிப்படுத்துங்கன்னு கேக்கறாங்க. இந்த மாதிரி மெயில் கேடிபில (கிண்டில்ல நாமளே புத்தகம் ஏத்துற அமேசான் தளம்) இருந்து நிஜமாவே வரும். ஃப்ராடா இருக்குமோன்னு நீங்க சந்தேகப்பட்டதும் தப்பில்ல, அதனால மெயில்ல இருக்கிற லிங்க்கைத் தொடாதீங்க, உங்க கேடிபி அக்கவுன்ட்டுக்குள்ள நேரா லாகின் பண்ணி, அங்க இருக்கிற தொடர்பு பக்கத்துல இருந்து பதில் அனுப்புங்க. பதில் போகலைன்னா புத்தகத்தை எடுத்துடுவாங்க, இது திரும்பத் திரும்ப நடந்தா அக்கவுன்ட்டுக்கே ஆபத்து. எவனோ திருடினதுக்கு உங்க அக்கவுன்ட் போறதான்னு கோவம் வரும், நியாயம்தான், ஆனா இந்தத் தடவை திருடன் மட்டும் காரணம் இல்ல.

மின்னூலை அமேசானுக்கு மட்டுமே குடுக்கற கேடிபி செலக்ட் திட்டத்துல நீங்க சேர்ந்திருக்கீங்க, 70 சதவீத ராயல்டி வருதுன்னு எழுதியிருக்கீங்க. இந்தியாவுல விக்கிறதுக்கு அந்த 70 கிடைக்கணும்னா செலக்ட்ல இருந்தே ஆகணும், ஆனா செலக்ட்ல சேர்ந்தா 90 நாள் தவணை தவணையா அந்த மின்னூல் வேற எங்கயும் டிஜிட்டல் வடிவத்துல இருக்கக் கூடாது, இலவசமாக்கூட. சாம்பிளுக்கு 10 சதவீதம் வரைக்கும் வெளிய வச்சுக்கலாம், அவ்வளவுதான். உங்க ஃபேஸ்புக் ப்ரொஃபைல்ல 38 அத்தியாயமும் இன்னைக்கு வரைக்கும் பப்ளிக்கா கிடக்குது! நானே போய்ப் பார்த்துட்டுதான் சொல்றேன், முதல் அத்தியாயத்துல இருந்து முடிவு வரைக்கும் ஒரு பைசா செலவில்லாம படிக்கலாம்.

ஆனா பதறிப் போய் டெலிட் மட்டும் பண்ணிடாதீங்க. அந்தப் போஸ்ட்தான் உங்க கையில இருக்கிற நல்ல ஆதாரம். எந்தத் தேதியில எந்த அத்தியாயம் போட்டீங்க, கீழ யார் யார் "அடுத்த பாகம் எப்பக்கா"ன்னு கேட்டாங்க, எல்லாம் தேதியோட இருக்கு. முதல்ல ஒவ்வொரு போஸ்டையும் லிங்க், தேதி, கமென்ட் தெரியற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, செட்டிங்ஸ்ல போய் உங்க தகவல் மொத்தத்தையும் டவுன்லோட் பண்ணி ஒரு பென்டிரைவ்ல வைங்க, அப்புறம் போஸ்டை "ஒன்லி மீ"ன்னு மாத்துங்க. தேதி அழியாது, வெளிய இருக்கறவங்களுக்கும் தெரியாது. முதல் மூணு அத்தியாயத்தை பப்ளிக்காவே விடலாம், 38ல 3ன்னா 10 சதவீதத்துக்குள்ள அடங்கிடும், அதுவே உங்களுக்கு விளம்பரமும் ஆச்சு.

பதிவு பண்ணலைன்னா உரிமை இல்லையா?

வீட்டுக்காரர் சொல்றது பாதிப் பேர் நம்புற விஷயம், வக்கீல் ஆபீஸுக்கு வர்றவங்களே அப்படித்தான் ஆரம்பிப்பாங்க. 1957ம் வருஷ காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி நீங்க எழுதின நிமிஷத்துலயே உரிமை உங்களுக்கு வந்துடுச்சு. பதிவு கட்டாயம் இல்ல, பதிவு இல்லாமலே கேஸ் போடலாம். புனைபெயர்ல எழுதினது நீங்கதான்னு வெளிப்படுத்திட்டா உங்க ஆயுள் முழுக்க, அதுக்கப்புறம் 60 வருஷம் வரைக்கும் அந்த உரிமை இருக்கும் (வெளிப்படுத்தலைன்னா வெளியானதுல இருந்து 60 வருஷம்), பசங்க காலத்துலயும் தொடரும். புத்தகத்துல ஆசிரியர்னு யார் பேர் அச்சாகியிருக்கோ அவங்கதான் ஆசிரியர்னு கோர்ட் எடுத்துக்கும், இல்லைன்னு சொல்றவங்கதான் நிரூபிக்கணும், இது 55வது பிரிவுல இருக்கு.

உங்க விஷயத்துல ஒரு சின்ன சிக்கல், அச்சாகியிருக்கறது புனைபெயர். அந்தப் புனைபெயர்க்காரி நீங்கதான்னு காட்டுறதுக்கு ஒரு காகிதம் வேணும். அதுக்காகவாவது பதிவு பண்ணிடுங்கன்னு சொல்லுவேன். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாதான், காப்புரிமை அலுவலகத்தோட வெப்சைட்டுலயே விண்ணப்பிக்கலாம், புனைபெயரையும் சொந்தப் பெயரையும் சேர்த்தே குறிப்பிடலாம். போட்டதும் டைரி நம்பர் வரும், யாராவது ஆட்சேபம் சொல்றாங்களான்னு 30 நாள் பார்ப்பாங்க, அப்புறம் பரிசீலனை, சர்டிஃபிகேட் கைக்கு வர மாசக்கணக்குல ஆகும். அந்த சர்டிஃபிகேட் முதல்கட்ட ஆதாரம்தான், அசைக்கவே முடியாத தீர்ப்பு இல்ல. ஆனா யூடியூப்ல புகார் குடுக்கும்போதும் சரி, நோட்டீஸ் விடும்போதும் சரி, அதைக் காட்டினா எதிராளி பேச்சுல சுருதி குறையறதைப் பார்த்திருக்கேன். கையெழுத்துப் பிரதியைக் கவர்ல போட்டு ஒட்டி தனக்குத்தானே தபால்ல அனுப்பி பிரிக்காம பீரோவுல வச்சா போதும்னு யாரோ உங்ககிட்ட சொல்லியிருக்காங்க பாருங்க, அதை நம்பாதீங்க, நம்ம சட்டத்துல அதுக்குன்னு தனி மதிப்பு எதுவும் கிடையாது.

அந்த நாலாவது ஷரத்து

ஐஎஸ்பிஎன் விஷயத்தை ரெண்டு வரியில முடிச்சுடறேன். அது புத்தகத்தை அடையாளம் காட்டுற எண், சொத்துப் பத்திரம் இல்ல. அவங்க பேர்ல இருந்தா அந்தப் பதிப்புக்கு அவங்க பதிப்பாளர், அவ்வளவுதான். நாளைக்கு நீங்களே ரெண்டாம் பதிப்பு போட்டா, டெல்லியில இருக்கிற ராஜா ராம்மோகன் ராய் ஐஎஸ்பிஎன் ஏஜென்சியில உங்க பேர்லயே புது எண் வாங்கிக்கலாம், எழுத்தாளர் நேரடியாவே விண்ணப்பிக்கலாம், காசு கிடையாது. பேக்கேஜ்ல ஐஎஸ்பிஎன்னுக்குன்னு ஒரு தொகை போட்டிருந்தாங்கன்னா அதை என்னன்னு கேளுங்க.

தம்பி பயப்பட வேண்டியது ஐஎஸ்பிஎன்னுக்கு இல்ல, ஒப்பந்தத்துல இருக்கிற நாலாவது ஷரத்துக்கு. அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம்னு எல்லா வடிவத்துலயும் தனி உரிமையை நிறுவனத்துக்குக் குடுக்கறதா அதுல எழுதியிருக்கு, எத்தனை வருஷத்துக்குன்னு எங்கயுமே இல்ல. அதாவது சகோதரி, காசும் நீங்களே கட்டி, உரிமையையும் நீங்களே குடுத்திருக்கீங்க. அது மட்டும் இல்ல, மின்னூல் உரிமையை அவங்களுக்குக் குடுத்துட்டு நாலு மாசம் முன்னாடி நீங்களே கிண்டில்ல ஏத்தினது ஒப்பந்தப்படி மீறல். இதை ஏன் சொல்றேன்னா, அவங்க மேல நீங்க பாயும்போது அவங்க முதல்ல நீட்டுற காகிதம் இதாத்தான் இருக்கும்.

ஆனா சட்டம் இந்த இடத்துல எழுத்தாளர் பக்கம் கொஞ்சம் சாஞ்சிருக்கு. 19வது பிரிவுப்படி காலம் குறிப்பிடாம உரிமையைக் குடுத்திருந்தா அது அஞ்சு வருஷம்தான்னு எடுத்துக்கணும், எந்த நாடுன்னு குறிப்பிடலைன்னா இந்தியா மட்டும்தான். அதைவிட முக்கியம், வாங்கின உரிமையை ஒரு வருஷத்துக்குள்ள பயன்படுத்தலைன்னா, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதியிருந்தாலொழிய, பயன்படுத்தாத உரிமை தானா காலாவதி ஆயிடும். லைசென்ஸ்னு பேர் வச்சிருந்தாலும் இந்த விதி பொருந்தும். நீங்க கையெழுத்துப் போட்டு பதினாலு மாசம் ஆச்சு, அவங்க அச்சடிச்சதைத் தவிர வேற எதையும் தொடல. நீங்க அனுப்பின ஆறு பக்கத்துலயும் இந்த ஒரு வருஷக் கணக்கை மாத்துற மாதிரி எதுவும் என் கண்ணுல படல. அதனால மின்னூல், ஒலிநூல், சினிமா, மொழிபெயர்ப்பு உரிமை எல்லாம் 19(4)படி எனக்கே திரும்பிடுச்சுன்னு ஒரு கடிதம் அனுப்புங்க. மெயில்லயும் அனுப்புங்க, தபால்லயும் அனுப்புங்க (ரிஜிஸ்டர்டு போஸ்ட்டை ஸ்பீட் போஸ்ட்டோட இணைச்சுட்டாங்க, கவுன்ட்டர்ல போய் ஸ்பீட் போஸ்ட், டெலிவரி அத்தாட்சியோடன்னு கேளுங்க). அதே கடிதத்துல மொத்தம் எத்தனை பிரதி அச்சடிச்சீங்க, ஆன்லைன்ல எத்தனை வித்துச்சு, கணக்கு குடுங்கன்னும் கேளுங்க. கொன்னெமரா உள்பட நாலு நூலகத்துக்கு ஆளுக்கொரு பிரதி அனுப்ப வேண்டியது 1954ம் வருஷச் சட்டப்படி பதிப்பாளர் கடமை, அந்த ரசீதையும் கேளுங்க, கிடைச்சா தேதிக்கு இன்னொரு ஆதாரம். பெரும்பாலும் அனுப்பியிருக்க மாட்டாங்க.

45,000 கட்டாதீங்க. இதுல யோசிக்க ஒண்ணும் இல்ல. அமேசான்ல பெஸ்ட்செல்லர் வரிசை மணிக்கு மணி மாறுறது, ஆளே இல்லாத ஒரு குட்டிப் பிரிவுல ஒரு மதியம் பத்துப் பதினஞ்சு பிரதி வித்தாலே மேல வந்துடலாம், அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஃப்ரேம் போட்டுக் குடுப்பாங்க. காசு கட்டி வாங்குற விருதுக்கு நான் என்ன சொல்ல.

அந்தப் பிடிஎஃப் எங்கிருந்து போச்சு?

கடிதத்துல நீங்க கவனிக்காமலே ஒரு நல்ல துப்பு குடுத்திருக்கீங்க. டெலிகிராம்ல சுத்துற பிடிஎஃப்ல ரெண்டாம் அத்தியாயத்துல கதாநாயகியோட மாமியார் பேர் ஒரு இடத்துல மாறி வருது, அச்சுப் புத்தகத்துல அதைத் திருத்தியாச்சு, கிண்டில்லயும் திருத்தினதுதான் இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அப்ப அது புத்தகத்தை ஸ்கேன் பண்ணினதும் இல்ல, கிண்டில்ல இருந்து உருவினதும் இல்ல. அச்சுக்கு முன்னாடி பிழை திருத்தறதுக்காக வந்த முதல் ப்ரூஃப் பிடிஎஃப். அது யார் யார் கையில இருந்துச்சு? நிறுவனம், அவங்க வழியா அச்சகம், அப்புறம் "படிச்சுட்டு ரெண்டு வரி எழுதித் தாங்க"ன்னு வாட்ஸ்அப்ல நீங்களே அனுப்பின எட்டு பேர். உங்க கோவம் முழுக்க நிறுவனத்து மேல, எனக்கு அந்த எட்டு பேர் மேலயும் சந்தேகம் இருக்கு, வேணும்னு செஞ்சிருப்பாங்கன்னு இல்ல, ஒருத்தர் நல்ல மனசோட குடும்ப குரூப்ல ஃபார்வர்ட் பண்ணினாலே போதும். ஆதாரம் இல்லாம யார் மேலயும் பழி போடாதீங்க. அடுத்த புத்தகத்துக்கு ப்ரூஃப் அனுப்பும்போது ஒவ்வொருத்தருக்கும் ஒரு வார்த்தை, ஒரு நிறுத்தக்குறி மாத்தி தனித்தனி பிரதியா அனுப்புங்க, பேரை வாட்டர்மார்க்கா போடுங்க, முழு நாவலையும் அனுப்பாம நாலு அத்தியாயம் அனுப்பினாலும் முன்னுரை எழுதறவங்களுக்குப் போதும்.

தூக்குறது எப்படி?

யூடியூப்தான் ரெண்டுல சுலபம். அவங்களோட காப்புரிமைப் புகார் படிவத்துல பதினோரு வீடியோ லிங்க்கையும் குடுத்து, எது உங்க படைப்பு, எங்க வெளியாச்சுன்னு சொல்லுங்க. உடனே தூக்கச் சொல்லலாம், இல்ல ஏழு நாள் அவகாசம் குடுத்து அவங்களையே எடுக்க வைக்கலாம், அப்படி எடுத்துட்டா ஸ்ட்ரைக் (சேனல் மேல பதிவாகிற காப்புரிமை மீறல் எச்சரிக்கை) விழாது. 90 நாளுக்குள்ள மூணு ஸ்ட்ரைக் விழுந்தா சேனலே போயிடும், இது அந்தப் பையனுக்கு நல்லாத் தெரியும். அவன் எதிர்மனு போட்டா 10 வேலை நாளுக்குள்ள நீங்க சட்ட நடவடிக்கை எடுத்ததுக்கு ஆதாரம் காட்டணும், இல்லைன்னா வீடியோ திரும்ப வந்துடலாம், அதனால புகார் போடுறதுக்கு முன்னாடியே ஒரு வக்கீலைப் பார்த்துப் பேசி வச்சுக்கோங்க. இன்னொண்ணு, புகார்ல குடுக்கிற பேர் எதிராளிக்குப் போகும். புனைபெயருக்குப் பின்னாடி இருக்கிறது யாருன்னு தெரியக் கூடாதுன்னு நினைச்சா வக்கீல் மூலமா போடுங்க.

"ஃப்ரீ பப்ளிசிட்டி"ங்கற பேச்சுக்கு ஒரு பதில் இருக்கு. உங்க பேரையே போடாம தலைப்பையும் மாத்தினா அதுல யாருக்கு பப்ளிசிட்டி? இந்தாள் பண்ணினது ரெண்டு தப்பு. முழுசா வாசிச்சு ஊருக்குக் குடுத்தது ஒண்ணு. நான்தான் எழுதினேன்னு சொல்லிக்கிற உரிமை 57வது பிரிவுல எழுத்தாளருக்குத் தனியா இருக்கு, அதுல கை வச்சது இன்னொண்ணு. உரிமையை வேற யாருக்கோ வித்துட்டாக்கூட இந்த ரெண்டாவது உரிமை உங்ககிட்டதான் இருக்கும்.

டெலிகிராம் தலைவலிதான், ஒத்துக்கறேன். சேனல் அட்மின் யாருன்னே தெரியாது. ஆனா "அவங்க வெளிநாட்டுக் கம்பெனி, நம்ம சட்டம் செல்லாது"ங்கறது தப்பு. போட்டித் தேர்வுக்குப் புத்தகம் எழுதற நீது சிங்ங்கற ஆசிரியை டெல்லி உயர் நீதிமன்றத்துல போட்ட வழக்குல, திருட்டுப் பிரதி போட்ட சேனல்காரங்களோட விவரத்தைக் குடுன்னு 2022 ஆகஸ்ட்ல டெலிகிராமுக்கு உத்தரவாச்சு, அவங்களும் சீல் வச்ச கவர்ல குடுத்தாங்க. உங்களுக்கு அவ்வளவு தூரம் தேவைப்படாது. பெரிய சமூக ஊடக நிறுவனங்கள் இந்தியாவுலயே குறைதீர் அதிகாரி ஒருத்தரை வச்சிருக்கணும்னு 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்லுது, அவருக்கு லிங்க், ஸ்க்ரீன்ஷாட், அட்டைப்படம், பதிவு டைரி நம்பரோட மெயில் போடுங்க. எடுப்பாங்க. வேற பேர்ல இன்னொரு சேனல்ல வரும். மாசத்துக்கு ரெண்டு தடவை தேடிப் பார்த்து அதே மெயிலை லிங்க் மாத்தி அனுப்புற வேலையை தம்பிகிட்ட ஒப்படைச்சுடுங்க, நீங்க அதுல உக்காந்தா அடுத்த நாவல் வராது.

அந்த நாப்பதாயிரம் கணக்கையும் சரி பண்ணிக்கணும். "நாப்பதாயிரம் பிரதி போச்சு"ன்னு எழுதியிருக்கீங்க. நாப்பதாயிரம் பேர் சேனல்ல இருக்காங்க, அவ்வளவுதான், ஒரு நாளைக்கு அம்பது பிடிஎஃப் வர்ற இடம் அது, டவுன்லோட் பண்றவனே பாதி பேர் திறந்து பார்க்க மாட்டான். அவங்கள்ல எத்தனை பேர் 250 ரூபா குடுத்து வாங்கியிருப்பாங்கன்னு நினைக்கிறீங்க? நஷ்டம் இருக்கு, ஆனா கேஸ்ல அந்தத் தொகையை எழுதினா நீதிபதி முகத்துல சிரிப்பு வரும்.

விமர்சனம் எழுதின அம்மாவை விட்டுடுங்க. விமர்சனத்துக்காக ரெண்டு பத்தி மேற்கோள் காட்டுறதுக்கு 52வது பிரிவுல இடம் இருக்கு, அது திருட்டு இல்ல. பொய்யா புகார் போட்டா உங்களுக்குத்தான் வில்லங்கம். உங்களுக்கு வலிச்சிருக்கும், புரியுது, ஆனா முழு நாவலையும் காசு குடுத்து வாங்கிப் படிச்சுட்டு நடுவுல நாப்பது பக்கம் தொய்வுன்னு குறிப்பா சொல்ற வாசகி லேசுல கிடைக்க மாட்டாங்க.

ஃபேஸ்புக்ல கிழிக்கலாமா, போலீஸுக்குப் போகலாமா?

போட்டோ, போன் நம்பர் போட்டு எழுதாதீங்க. முதல் காரணம், நீங்க போட்ட அடுத்த அஞ்சு நிமிஷத்துல அவன் வீடியோ எல்லாத்தையும் அழிச்சுடுவான், ஆதாரம் போச்சு. ரெண்டாவது, பாரதிய நியாய சன்ஹிதா 356வது பிரிவுல அவதூறுன்னு உங்க மேல திருப்பிப் போடுவான், நீங்க சொன்னது உண்மை, பொது நன்மைக்காகச் சொன்னதுன்னு நிரூபிச்சு வெளிய வரலாம், ஆனா அதுக்கு நீங்க கோர்ட்டுக்கு அலையணும். "என் நாவலை அனுமதி இல்லாம வாசிச்சிருக்காங்க, புகார் குடுத்திருக்கேன், நாவல் கிடைக்கிற இடம் இது"ன்னு பேர் சொல்லாம எழுதுங்க, அது போதும், அதுவே கொஞ்சம் வித்தும் குடுக்கும்.

தெரிஞ்சே மீறினா காப்புரிமைச் சட்டம் 63வது பிரிவுல ஆறு மாசத்துல இருந்து மூணு வருஷம் வரைக்கும் சிறை, 50,000ல இருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம். இது போலீஸ் நேரடியா எஃப்ஐஆர் போடக்கூடிய, ஜாமீனை உரிமையா கேக்க முடியாத குற்றம்னு உச்ச நீதிமன்றமே 2022ல சொல்லிடுச்சு. படிக்க நல்லா இருக்கும், ஆனா லோக்கல் ஸ்டேஷன்ல போய் "என் நாவலை யூடியூப்ல வாசிச்சுட்டான்"னு சொன்னா எப்படிப் பார்ப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். சிவில் வழக்குக்கு ஒரு வசதி இருக்கு, எதிராளி சென்னையில இருந்தாலும் டெல்லியில இருந்தாலும் நீங்க குடியிருக்கிற மாவட்ட நீதிமன்றத்துலயே போடலாம், 62வது பிரிவு. என் யோசனை: முதல்ல யூடியூப் புகார், கூடவே அந்தச் சேனலுக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ். வீடியோவை எடுத்துட்டு, சம்பாதிச்சதுக்குக் கணக்கும் எழுத்துல ஒரு மன்னிப்பும் குடுத்தா அதோட விட்டுடலாம். எதிர்மனு போட்டு வீம்பு பண்ணினா மட்டும் கோர்ட். அப்படிப் போற நிலைமை வந்தா ஸ்க்ரீன்ஷாட் எடுத்த போனை மாத்திடாதீங்க, மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாக்ஷ்ய அதினியம்ங்கற புது சாட்சியச் சட்டத்தோட 63வது பிரிவுல ஒரு சர்டிஃபிகேட் வேணும், எந்தக் கருவியில எடுத்ததுன்னு அதுல எழுதணும்.

கட்டிலுக்கு அடியில இருக்கிற புத்தகம்

ப்ரமோஷன் பண்ணினா திருட்டு கூடும்னு நிறுத்திட்டீங்க இல்லையா, அங்கதான் எனக்கு உங்ககூட ஒத்துப் போகல. பிடிஎஃப் ஏற்கனவே வெளிய இருக்கு, நீங்க வாயை மூடினா திருட்டுப் பிரதி மட்டும்தான் பேசும். உங்க பேரும் வாங்குற இடமும் எங்க தேடினாலும் முதல்ல வர்ற மாதிரி பண்றதே பாதிப் பாதுகாப்பு.

நான் மார்க்கெட்டிங் ஆள் இல்ல, வக்கீல், ஆனா எழுதறவங்க நிறைய பேர் வந்து போறதால பார்த்ததைச் சொல்றேன். உங்க வாசகர் டெலிகிராம்ல இல்ல, உங்க ஊர்லயே இருக்காங்க. சாயப்பட்டறை, அமராவதித் தண்ணி, பவர்லூம், எக்ஸ்போர்ட் கம்பெனி ஷிஃப்ட் இதெல்லாம் கரூர், திருப்பூர், ஈரோடு பக்கம் வீட்டுக்கு வீடு தெரிஞ்ச கதை. மாவட்டப் புத்தகத் திருவிழாவுல ஏதாவது ஒரு ஸ்டால்ல விற்பனைக்கு வைக்கச் சொல்லுங்க, விலையில மூணுல ஒரு பங்குக்கு மேலயே கமிஷன் கேப்பாங்க, குடுங்க. ஆனா எத்தனை பிரதி குடுத்தீங்க, என்னைக்குக் கணக்கு முடிப்பீங்கன்னு ஒரு தாள்ல எழுதி கையெழுத்து வாங்கிக்கோங்க, வாய் வார்த்தையில குடுத்த புத்தகம் திரும்பினதா நான் அதிகம் கேள்விப்பட்டதில்ல. உங்க ஊர் காலேஜ் தமிழ்த்துறைக்கு ரெண்டு பிரதி, ஏதாவது வாசிப்பு வட்டம் இருந்தா அவங்களுக்கு ரெண்டு. பொது நூலக இயக்ககம் புத்தகம் வாங்க அறிவிப்பு விடும்போது விண்ணப்பிக்கணும், பதிப்பாளர்ங்கற முறையில நிறுவனம்தான் பண்ண வேண்டியிருக்கும், கடிதத்துல அதையும் கேட்டுடுங்க.

போன்ல ஆர்டர் எடுத்து நேரடியா அனுப்பறதுதான் உங்களுக்கு மிச்சம் வர்ற வழி. கூரியர் செலவு கட்டுப்படியாகலன்னு எழுதியிருந்தீங்க. தபால் துறை 2025 மே மாசத்துல இருந்து புத்தகத்துக்குன்னே ஞான் போஸ்ட்னு ஒண்ணு வச்சிருக்காங்க, 300 கிராம் வரைக்கும் 20 ரூபா, 5 கிலோவுக்கு 100 ரூபா, வரி தனி. புத்தகத்துல அச்சகத்தோட பேரோ பதிப்பாளர் பேரோ இருக்கணும், உங்களோடதுல இருக்கு. கல்வி, சமூகம், பண்பாடு சம்பந்தப்பட்ட நூல்னு விதி, நாவலை எடுத்துக்குவாங்களான்னு உங்க போஸ்ட் ஆபீஸ் கவுன்ட்டர்ல ஒரு தடவை கேட்டுட்டு அப்புறம் விலையைச் சொல்லுங்க. அமேசான்ல சொந்தக்காரங்களை வச்சு அஞ்சு ஸ்டார் ரிவ்யூ போட வைக்கிற வேலை வேண்டாம், அவங்க விதியில அது கூடாது, கண்டுபிடிச்சா நல்ல ரிவ்யூவும் சேர்ந்து போயிடும்.

ஒலிநூல் உரிமை உங்ககிட்ட திரும்பி வந்ததும் ஒண்ணு யோசிக்கலாம். நல்லா வாசிக்கிற ஒரு யூடியூப் சேனலைப் பார்த்து, முதல் அத்தியாயத்தை மட்டும் வாசிக்க நீங்களே எழுத்துல அனுமதி குடுங்க: ஆசிரியர் பேர் தலைப்புலயே வரணும், வாங்குற லிங்க் கீழ இருக்கணும், ஒரு வருஷம்தான், எப்ப வேணும்னாலும் எடுக்கச் சொல்லலாம். நாலு வரி போதும். பத்தொன்பதாயிரம் பேர் அந்தத் திருட்டு வாசிப்பைக் கேட்டிருக்காங்கன்னா, உங்க கதையைக் கேக்க ஆள் இருக்குன்னு அர்த்தம்.

ரெண்டாவது நாவலையும் அதே நிறுவனத்துல தள்ளுபடியில போட்டுத் தர்றதா சொல்றாங்களாமே. போடுறதும் போடாததும் உங்க இஷ்டம், ஆனா இந்தத் தடவை அச்சு உரிமை மட்டும், ரெண்டு வருஷம், இத்தனை பிரதின்னு எழுதச் சொல்லுங்க, அட்டைப்படம் வரைஞ்சவர்கிட்ட இருந்தும் உரிமையை எழுத்துல வாங்கித் தரச் சொல்லுங்க, ப்ரூஃப் பிடிஎஃப் வெளிய போனா பொறுப்பு யாரோடதுன்னு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க. டிராஃப்ட் வந்ததும் கையெழுத்துப் போடாம எனக்கு அனுப்புங்க, படிச்சுட்டுச் சொல்றேன். அதுக்கு முன்னாடி கேடிபி மெயில், அதுக்கு இன்னைக்கே பதில் போடுங்க.